எதெலை மட்டும் பார்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. கல்லூரி நாடகத்தில் பேத்திக்குத் தோழி வேஷம்தான் வந்தது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். யாரைக் காட்டி அவளைத் தேற்றுவது என்று என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு விவியன் வேன்ஸ் என்பேன். 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூசி'யில், லூசில் பால் நடித்த லூசி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியாக, அவளுடைய எல்லாக் கிறுக்குத்தனத்துக்கும் கூட்டாளியாக வருவாளே எதெல் மெர்ட்ஸ், அந்த வேஷம் போட்டவள்தான்.

எங்கிருந்தோ வந்த துணைநடிகை என்று நினைத்துவிடாதே. 1909இல் கான்சஸ் மாநிலத்துச் செர்ரிவேல் என்ற சிற்றூரில் பிறந்தவள். பிறகு குடும்பம் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்கு வந்தது. அங்கே லிட்டில் தியேட்டர் என்ற ஊர் நாடக அரங்கு தொடங்கிய காலத்திலேயே மேடையேறினாள். நாடக நடிகை ஈவா லெ கலியன்னிடம் நடிப்புப் பயிலட்டும் என்று ஊர்க்காரர்களே பணம் சேர்த்து 1932இல் அவளை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார்கள். அதே வருஷம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'மியூசிக் இன் தி ஏர்' இசைநாடகத்தின் கோரஸில் ஒருத்தி. 1934இல் 'எனிதிங் கோஸ்'. அதில் முதல் நடிகை எதெல் மெர்மனுக்கு மாற்று நடிகை. 1937இல் 'ஹுரே ஃபார் வாட்' நியூயார்க்குக்கு வருமுன் வெளியூரில் நடந்துகொண்டிருந்தபோது, கே தாம்ஸனை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இவளைப் போட்டார்கள். 1941இல் டேனி கேயோடு நடித்த 'லெட்ஸ் ஃபேஸ் இட்' 547 காட்சிகள் ஓடியது.

மாற்று நடிகை என்றால் என்ன வேலை என்று பேத்திக்குச் சொல். பாட்டு, வசனம், எந்த வரியில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எல்லாம் முதல் நடிகைக்குத் தெரிகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேடை கிடைக்காமலே போகவும் கூடும். அடுத்தவளின் வேஷத்தை உள்ளும் புறமும் அறிந்துகொண்டு பொறுமையாய் நிற்கிற பழக்கம் அதில்தான் வரும். எதெல் பாத்திரத்துக்கு அடிப்படை அங்கேயே விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு.

நாற்பதுகளின் நடுவில் மனம் உடைந்து மேடையை விட்டு ஒதுங்கியிருந்தாள். பின்னாளில் அதை மறைக்காமல் வெளியில் பேசினாள், மனநல அமைப்புகளோடு சேர்ந்து வேலையும் செய்தாள். அந்தக் காலத்தில் எந்த நட்சத்திரம் அப்படிச் செய்தது? 1951 கோடையில் கலிஃபோர்னியாவின் லா ஹோயா பிளேஹவுஸில் 'தி வாய்ஸ் ஆஃப் தி டர்ட்டில்' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தாள். இவளை முன்பே அறிந்திருந்த, 'ஐ லவ் லூசி'யின் இயக்குநர் மார்க் டேனியல்ஸ், லூசில் பாலின் கணவரும் தொடரில் லூசியின் புருஷனாக நடித்தவருமான டெஸி அர்னாஸை அங்கே கூட்டிப்போனார். எதெல் வேஷத்துக்கு முதலில் மனதில் வைத்திருந்தது பீ பெனடெரெட் என்ற நடிகையை. அவருக்கு வேறு ஒப்பந்தம் இருந்தது. அர்னாஸ் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்தத் தொடரைப் படமாக்கிய விதம் தெரிந்தால்தான் இவள் அருமை புரியும். சுமார் முந்நூறு பேர் எதிரில் உட்கார்ந்திருக்க, மேடை நாடகம் மாதிரி வரிசையாக நடித்துக்கொண்டு போவார்கள். மூன்று 35 எம்எம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். நடுக் கேமரா முழுக் காட்சியையும் வாங்கும். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் மற்ற இரண்டும் முகங்களை எடுக்கும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளைப் பெரும்பாலும் தலைக்கு மேலே கட்டி, மூன்று கோணத்துக்கும் பொருந்துகிற மாதிரி வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பியிருந்தார்.

சினிமாவில் லூசி செய்வதை எடுத்த பிறகு, தோழியின் முகத்தைத் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. லூசி குறும்பு செய்கிற அதே நொடியில் எதெல் முகம் வேறொரு கேமராவில் பதிவாகிக்கொண்டிருக்கும். எடிட்டர் எந்த இடத்தில் அவள் முகத்தைக் காட்டுவார் என்று அவளுக்குத் தெரியாது. வசனம் இல்லாத நிமிஷத்தில் 'அப்பாடா' என்று தளர்ந்தால் அதுவும் ஃபிலிமில் விழுந்துவிடும். குறித்த இடத்தைவிட ஓரடி முன்னால் வந்தால் பக்கக் கேமராவுக்கு லூசி மறைந்துபோவாள். பின்னால் போனால் ஃபோகஸ் போகும்.

அதோடு அந்த முந்நூறு பேரின் சிரிப்பு. ஒத்திகையில் அது இருக்காது, அதனால் எவ்வளவு நேரம் நீளும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. சிரிப்பின் மேலேயே பேசினால் வசனம் கரைந்துபோகும். முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது வாயைத் திறக்க வேண்டும், அதுவரை கையில் ஏதாவது காரியம் இருக்க வேண்டும். 1952இல் வந்த சாக்லேட் பெல்ட் காட்சியைப் போட்டுக் காட்டு: இருவரும் சாக்லேட் தொழிற்சாலையில், ஓடும் பெல்ட்டில் வருகிற சாக்லேட்டுகளுக்குக் காகிதம் சுற்ற வேண்டும். பெல்ட் வேகம் பிடித்ததும் இருவரும் சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் திணிப்பார்கள். லூசி விதவிதமாய் முழிப்பாள். எதெலோ காகிதம் சுற்றுவதிலேயே கண்ணாக இருப்பாள். வேலையை நிஜமாகவே முடிக்கப் பார்க்கிற ஒருத்தி பக்கத்தில் இருப்பதால்தான் பெல்ட்டின் வேகம் நமக்கு உறைக்கிறது. இருவரும் ஒரே அளவுக்குச் சேட்டை செய்திருந்தால் காட்சி சர்க்கஸாகியிருக்கும். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் மூச்சுக்கு இடம் விடுவாரே, அது போலத்தான்.

அவள் இருபது பவுண்டு கூடுதல் எடையோடே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாக ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. நம்பாதே. லூசில் பால் விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்த காகிதம் அது. புருஷன் ஃப்ரெடாக வந்த வில்லியம் ஃப்ராலியோடு ஒத்துப்போகாதது மட்டும் நிஜம். அவர் இவளைவிட 22 வயது மூத்தவர். அவருக்கு மனைவி என்றால் யார் நம்புவார்கள் என்று இவள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. மனிதர் கடைசிவரை மறக்கவில்லை. தொடர் முடிந்ததும் ஃப்ரெட், எதெல் இருவரையும் வைத்துத் தனித்தொடர் எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஃப்ராலி சரி என்றார், இவள் முடியாது என்றுவிட்டாள். இத்தனைக்கும் திரையில் அந்தத் தம்பதியின் சண்டை அத்தனை பொருத்தம்!

1954 பிப்ரவரியில் சிறந்த துணைநடிகைக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது. 1962இல் லூசில் பாலின் அடுத்த தொடரான 'தி லூசி ஷோ'வுக்குக் கூப்பிட்டபோது நிபந்தனை போட்டாள்: பாத்திரத்தின் பெயர் விவியன் என்றே இருக்க வேண்டும், உடுப்பும் நன்றாக இருக்க வேண்டும். தெருவில் எல்லாரும் எதெல் என்றே கூப்பிட்டால் எரிச்சல் வராதா? அதில் விவாகரத்தான தாயாக வந்தாள். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது புதுசு. ஆனால் வீடு கனெக்டிகட்டில், படப்பிடிப்பு ஹாலிவுட்டில். அலைந்து அலுத்து 1965இல் நிரந்தரப் பாத்திரத்தை விட்டாள். 1979 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தாள்.

பேத்திக்குக் காட்ட இன்னொன்று, 'ஐ லவ் லூசி'யில் 1955இல் வந்த 'எதெல்ஸ் ஹோம் டவுன்' பகுதி. எதெலின் சொந்த ஊராக ஆல்புகர்க்கியையே வைத்திருப்பார்கள். ஊர் லிட்டில் தியேட்டரில் அவள் பெருமையாக நின்று பாடுவாள். முதுகுக்குப் பின்னால் லூசி, லூசியின் புருஷன், ஃப்ரெட் மூன்று பேரும் சேட்டை செய்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பார்கள். பாட்டுக்காரிக்கே உரிய குரல் அவளுக்கு. முதல் தடவை அந்த மூவரையும் பார்க்கட்டும். இரண்டாம் தடவை எதெலை மட்டும் பார்க்கச் சொல். ஒரு சுருதிகூட விலகாமல், பின்னால் நடப்பது தெரியாதவளாகவே பாடிக்கொண்டிருப்பாள்.

நாடகம் என்றைக்கு என்று எழுது. மழைக்கு முன் ஒருநாள் வரப்பார்க்கிறேன்.

உன்,
கஸ்தூரி