தக்கை அமிழும்வரை காத்திருக்காதே

காவேரிப்பட்டணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தோப்பில் மா பூவெடுத்துவிட்டது, காலைப் பனி மட்டும் இன்னும் விடவில்லை. உங்கள் ஊர்க் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா?

நாள் முழுக்க ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தும் "மீனே கடிக்கலப்பா" என்று போனில் சொன்னாய். மீன் கடித்தால் மணி அடிக்கிற அந்தக் கருவி எப்போதாவது ஒரு தடவை 'பீப்' என்றதோடு சரி என்றாய். கடைசியில், போகிற போக்கில், தூண்டில் முள்ளில் இருந்த மக்காச்சோளம் நசுங்கித் திரும்பியது என்றும் சொன்னாய். எனக்கு அதிலிருந்து இதே நினைப்புதான். கெண்டைக்கு உதட்டோரம் பல் கிடையாது கண்ணு. அரைக்கிற பல்லெல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. சோளம் நசுங்கியிருந்தால் அது தொண்டைவரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. மீன் கடித்துவிட்டது. சேதிதான் உன் கைக்கு வந்து சேரவில்லை.

நீங்கள் அங்கே பிடிப்பதும் நம் சாதாக்கெண்டையும் ஒரே மீன்தான். இது நம் நாட்டுப் பிறவி இல்லை. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை வந்தது. கட்லா மீனுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். சாதாக்கெண்டை அடித்தரையைக் கிளறித் தின்னும். வாயைக் குழல்போல நீட்டி, சேற்றோடு இரையை உறிஞ்சும், வாய்க்குள்ளேயே பிரித்துப் பார்க்கும், வேண்டாததை ஊதித் துப்பிவிடும். இத்தனையையும் நின்ற இடத்திலேயே செய்யும், இரையைக் கவ்விக்கொண்டு ஓட அதற்கு அவசியமில்லை. அதனால்தான் தண்ணீர்மேல் மிதக்கிற தக்கை ஒரு நூல் அளவு அசைந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு நூல்தான் கடி.

மணிக்கருவியை நான் குறை சொல்லவில்லை. 1952-ல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டை பிடித்த ரிச்சர்ட் வாக்கரைப் பற்றி நீதானே சொன்னாய், மின்சார மணியைச் செய்தவரும் அவர்தானே. தக்கை கண்ணுக்குத் தெரியாத இருட்டில் அது நல்ல துணை. ஆனால் தூண்டில் நரம்பு நகர்ந்தால்தான் அது கத்தும். கனமான ஈயம் போட்டு, முள் குத்தி மீன் மிரண்டு ஓடும்படி கட்டுகிறார்களே, அந்த முறைக்கு அது பொருந்தும். நின்ற இடத்தில் உறிஞ்சித் துப்புகிற மீனை அது காட்டாது. மணிக்கருவிக்குப் பக்கத்தில் நரம்பில் தொங்கவிடுகிற குண்டையும் கவனி. மீன் உன்னை நோக்கி வந்தால் நரம்பு தளர்ந்து குண்டு கீழே இறங்கும். அதுவும் கடிதான். மீன் முதுகு நரம்பில் உரசினால் குண்டு கொஞ்சம் ஏறிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், அதற்குக் கோலைச் சுண்டாதே.

கரையோரத்தில் காற்றில்லாத மூலை ஒன்று பார்த்து இப்படிச் செய். மயிலிறகுத் தண்டைத் தக்கையாக வைத்து, அதன் அடிமுனையில் மட்டும் நரம்போடு கோர். முள்ளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரே ஒரு ஈயக்குண்டை நரம்பில் இறுக்கி வை. தண்டை மூழ்கடிக்கிற கனம் அந்தக் குண்டுக்கு இருக்க வேண்டும். ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்டை ஏற்றிக் கட்டு. போட்டபிறகு கோலைத் தாங்கியில் வைத்து, தண்டின் நுனி மட்டும் வெளியே தெரிகிறவரை நரம்பை மெல்லச் சுற்று. இப்போது குண்டு தரையில் கிடக்கும். கெண்டை இரையை உறிஞ்சித் தலையைத் தூக்கினால் குண்டும் கூடவே தூக்கப்படும். பாரம் விட்டுப்போன தண்டு மேலே எழும்பித் தண்ணீரில் படுத்துவிடும். தக்கை உள்ளே போகும் என்றே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். தண்டு எழும்ப ஆரம்பித்ததுமே மணிக்கட்டைச் சுண்டு. படுத்தபிறகு சுண்டினால் பாதி நேரம் மீன் துப்பியிருக்கும்.

தூரத்தில் போடும்போது நரம்பு வில்லாக வளைந்து கிடந்தால் எந்தச் சேதியும் வராது. கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, நரம்பை மூழ்கவைத்து, தொய்வை எடுத்துவிடு. அதன்பிறகு நரம்பை ஆள்காட்டி விரல்மேல் போட்டுக்கொண்டு உட்கார். எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பிடிக்கும். பாரூர் ஏரியில் ஜிலேபி மீன் வந்தால் விரலில் 'டுக் டுக் டுக்' என்று விடாமல் தட்டும். அதற்கு அசையாதே. கெண்டை வந்தால் தட்டாது, நரம்பு மெதுவாகக் கனக்கும், இல்லாவிட்டால் இருந்த இறுக்கம் சட்டென்று இல்லாமல் போகும். இரண்டுக்கும் சுண்டலாம். இரைக்கு நேர்மேலே பொடிப்பொடியாகக் குமிழி கொப்பளித்தால் போனைப் பையில் போட்டுவிட்டு விரலிலேயே கவனமாக இரு. அடியில் கிளறல் நடக்கிறது.

இந்தக் குளிரில் கெண்டை கொஞ்சமாகத்தான் தின்னும், அசைவும் குறைவு. சின்ன முள், ஒற்றைச் சோளம், மெல்லிய நரம்பு போதும். ராகி மாவு அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும் என்றாயே, களியை நன்றாகக் கெட்டியாகக் கிண்டி, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து பார். தளர்ந்த களியைப் பொடிமீன் கொத்திக் கரைத்துவிடும், அப்புறம் எது கடி என்றே தெரியாது.

பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுகிறார்களாமே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாம் டேம் பக்கம் போனால் மீன் வறுவல் சாப்பிடாமல் வந்ததில்லை, அவளுக்கு அது ஆறவில்லை. விடுவதுதான் அந்த ஊர் முறை என்றால் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடு. உலர்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய்விடும்.

அடுத்த தடவை போகும்போது தண்ணீர் எத்தனை அடி ஆழம், ஈயக்குண்டை எங்கே வைத்தாய் என்று எழுது. முள்ளில் மிச்சமிருக்கும் இரையைக் கழற்றிப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா