ஆண்டறிக்கை: ரூத் பிரவுனைக் கேட்ட ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இவ்வாண்டின் இசை கேட்கும் கூட்டங்கள் அனைத்தையும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ரிதம் அண்ட் புளூஸ் இசையின் பாடகி ரூத் பிரவுனுக்கே ஒதுக்கினோம். ஒரே பாடகிக்கு ஓராண்டா என்று சிலர் தயங்கினீர்கள். இரண்டாம் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

1928இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர் ரூத். அப்பா துறைமுகத் தொழிலாளி, தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். 1948 அக்டோபரில் நியூயார்க் அப்போலோ அரங்கில் பாடச் செல்லும் வழியில் கார் விபத்து. இரண்டு கால்களும் முறிந்தன. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே கையெழுத்திட்டார். 1949இல் ஊன்றுகோலோடு வந்து 'சோ லாங்' பாடினார். முதல் பாட்டே வெற்றி.

மறுவருடம் வந்த 'டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' 11 வாரம் ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. சொல்லின் முடிவில் குரல் சட்டென மேலே கீச்சிட்டு உடையும் அந்த இடத்தை உறுப்பினர்கள் மூன்று முறை போடச் சொன்னீர்கள். எனக்கும் அது போதவில்லை. இவருடைய வெற்றிப் பாட்டுகளால் வளர்ந்ததால் அட்லாண்டிக்கையே 'ரூத் கட்டிய வீடு' என்பார்கள்.

அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த பங்கைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். ஒலிப்பதிவுச் செலவையெல்லாம் பாடகர் பேரில் பற்று எழுதிவிட்டுத்தான் ராயல்டியை, அதாவது விற்பனையில் பாடகருக்குச் சேரும் பங்கை, கணக்கிடுவார்கள். தட்டு எவ்வளவு விற்றாலும் பேரேட்டில் பாடகர் கடன்காரராகவே இருப்பார். 1960களில் ரூத் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். பின்பு ஹோவெல் பீகிள் என்ற வழக்கறிஞரின் துணையோடு பல ஆண்டுகள் போராடினார். 1988இல் நிறுவனம் இறங்கி வந்தது: அவருடைய கடனோடு, அவர் காலத்துக் கலைஞர்கள் மேலும் 35 பேரின் கடனையும் தள்ளுபடி செய்து, 20 ஆண்டு ராயல்டி பாக்கியைத் தர ஒப்புக்கொண்டது. நலிந்த கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை தொடங்க ஏறத்தாழ 20 லட்சம் டாலரும் கொடுத்தது. தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்காமல் எல்லோருக்குமாக நின்றாரே, பாட்டுக்குச் சமமாக அதையும் மதிக்கிறேன்.

1989இல் 'பிளாக் அண்ட் புளூ' இசை நாடகத்துக்காக அமெரிக்க நாடக உலகின் டோனி விருது பெற்றார், 2006இல் காலமானார். அவர் நினைவாக நவம்பர் கூட்டத்தை மௌன அஞ்சலியுடன் தொடங்கினோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கு, அதே நிறுவனத்தில் பாடியவரும் 'பிளாக் அண்ட் புளூ'வில் ரூத்தின் இடத்துக்கு வந்தவருமான லாவர்ன் பேக்கரைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்