கன்னாபொலிஸ் பேஸ்பால் மைதானம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

கோயில் வேலைக்கு எழுதும் தலைப்பைப் பந்தாட்ட மைதானத்துக்குப் போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். இதை எழுதும் கை, சொந்த ஊரில் இரண்டு திருப்பணிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதிய கை. வேறு நடை வரவில்லை. பணி நம்முடையதல்ல, கன்னாபொலிஸ் நகராட்சியுடையது. வரி கட்டுகிறவர்கள் என்ற முறையில் நகர்மன்றக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து, நடப்பதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லும்படி நம் சங்கம் நால்வர் குழுவை அமைத்தது. முதல் ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது. குழுவின் வேலையும் இத்துடன் முடிகிறது.

வட கரோலினாவின் இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1906-இல் ஜேம்ஸ் வில்லியம் கேனன் இங்கே நிலம் வாங்கித் துண்டு நெய்யும் ஆலை எழுப்பினார். ஆலை வந்த பிறகுதான் ஊரே வந்தது. வீடு ஆலையுடையது, கடைத்தெரு ஆலையுடையது, காவலுக்குச் சம்பளம் கொடுத்ததும் ஆலைதான். நகராட்சி என்று ஒன்று அமைந்ததே 1984-இல். ஆலை கைமாறிக் கைமாறி, கடைசியில் பில்லோடெக்ஸ் என்ற பெயரில் நொடித்து, 2003 ஜூலை 30 அன்று கதவடைத்தது. இந்த வட்டாரத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல் வேலை போயிற்று. மாநில வரலாற்றில் ஒரே நாளில் அத்தனை பேர் வேலையிழந்ததில்லை என்கிறார்கள். கோவையில் மில் சங்கு நின்றுபோன தெருக்களில் வளர்ந்த நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆலை போன பிறகும் கடைத்தெரு ஊர்க்காரர்கள் கைக்கு வரவில்லை. முன்பு ஆலையை வாங்கி விற்ற டேவிட் மர்டாக்கிடமே அது தங்கிவிட்டது. 2015-இல் நகராட்சி அவரிடமிருந்து நகர மையத்தில் ஏறக்குறைய 50 ஏக்கரை 87.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. திருப்பணிக்குக் கால்கோள் விழுந்தது அன்றுதான் என்பது இக்குழுவின் கருத்து. மைதானத்தைப் பற்றி ஆளுக்கோர் அபிப்பிராயம் இருக்கலாம். தன் ஊர்க் கடைத்தெருவை ஒரு நகராட்சியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வாங்கியாயிற்று, காலிக் கடைகளுக்கு யார் வாடகைக்கு வருவார்கள்? மாலையில் ஜனம் நடமாடும் என்று காட்டினால் வருவார்கள். அதற்காகத்தான் பேஸ்பால்.

இங்கே ஆடும் அணி புதிதல்ல. 1995 முதல் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பழைய ஸ்டேடியத்தில் ஆடிவந்தது. ஆட்டம் முடிந்தால் காரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குத்தான். அதனால் ஊருக்குள் ஒரு காபி கூடுதலாக விற்றிருக்குமா என்பது சந்தேகம். இவ்வூர்க் கார்ப் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட்டின் பட்டப்பெயரால் ‘இன்டிமிடேட்டர்ஸ்’ என்றிருந்த அணி, புது மைதானத்துக்காகக் ‘கேனன் பாலர்ஸ்’ ஆயிற்று. பீரங்கிக்கும் கேனன், ஆலைக்கும் கேனன். சிலேடையில் இவர்கள் நமக்குச் சளைத்தவர்களல்லர்.

நம் அணி ஆடும் மைனர் லீக் என்பது, மேஜர் லீக் என்னும் மேல்படிக்கு ஆள் தயாராக்கும் பயிற்சிப் பட்டறை. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற மேஜர் லீக் அணி. யார் எப்போது மேல்படிக்குப் போவது என்று முடிவு செய்வதும் சிகாகோ. உள்ளூர் நிர்வாகத்துக்கு மிஞ்சுவது டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை. நன்றாக அடிக்கும் பையன் ஆகஸ்டு வரை நம் ஊரில் தங்கமாட்டான் என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கட்டுமானச் செலவு 5 கோடியே 20 லட்சம் டாலர். ஏறக்குறைய 5,000 பேர் பார்க்கலாம். பெயரில் ஒரு மருத்துவமனைக் குழுமம் ஏறிக்கொண்டது: அட்ரியம் ஹெல்த் பால்பார்க். 2020-இல் எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது பெருந்தொற்று வந்தது. ஜூன் 30 அன்று மைனர் லீக் பருவம் முழுவதும் ரத்தாயிற்று. குடமுழுக்குக்கு நாள் குறித்த பின் கோயிலைப் பூட்டியது போல. அந்த ஜூலையில் குழுவினர் இருவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். தண்ணீர் தெளிப்பான் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பந்தெறியும் மேட்டைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பாயின் குழிவில் தேங்கிய மழைநீரில் ஒரு காகம் குளித்துக்கொண்டிருந்தது. அதுதான் நாங்கள் அங்கே கண்ட முதல் ஆட்டம்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. மேஜர் லீக் நிர்வாகம் தன் குடைக்குள் இருந்த 160 மைனர் லீக் அணிகளை 120 ஆகக் குறைத்தது. மைதானங்களில் வசதி போதவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் அணி தப்பியது. பழைய ஸ்டேடியத்திலேயே இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்றால், குழுவில் இரண்டுக்கு இரண்டு. எப்படியோ, 2021 மே மாதம் புது மைதானத்தில் லீக் ஆட்டம் தொடங்கியது.

இனிக் கணக்கு. மைதானம் நகராட்சியின் சொத்து. கட்ட வாங்கிய கடனும் நகராட்சியுடையதே. சுற்றிலும் குடியிருப்பும் கடையும் பெருகி, அவற்றின் சொத்து வரியில் கடன் அடையும் என்பது எதிர்பார்ப்பு. போட்ட முதலை ஒரு மைதானம் தானாகத் திருப்பித் தருவது அரிது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே இந்த அறிக்கையில் ‘வரவு’ என்ற பத்தியைக் காலியாக விட்டிருக்கிறோம். அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, நம் குடும்பங்கள் சேர்ந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. இருக்கைகளை வெயில் முகத்திலடிக்கும் பக்கம் எடுத்தது செயலாளரின் பிழை. அவர் சார்பில் குழு வருந்துகிறது. குழந்தைகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் முதல் மூன்று இன்னிங்ஸைப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர், ஆலையில் முப்பது ஆண்டு நெசவுப் பிரிவில் இருந்தவராம். எங்கள் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஓரத் தையலைத் திருப்பினார். எங்கே நெய்தது என்று கேட்டார். கரூர் என்றோம். எங்கே இருக்கிறது என்றார். சொன்னோம். ‘நல்ல நெசவு’ என்று மடித்துக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

அன்று வாங்கிய தொப்பிகளில் ஆறு இன்னும் செயலாளர் வீட்டில் இருக்கின்றன. பணம் கட்டியவர்கள் பொதுக்குழுவுக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். அடுத்த பருவத்துக்கு நிழல் பக்கம் இருக்கை வேண்டுவோர் அப்போதே பெயர் கொடுத்துவிடலாம்.