ஓடாவியாரின் பட்டறையை மீண்டும் திறக்கக் கைகொடுங்கள்

அன்புள்ள ஊரவர்களுக்கும், வெளிநாடுகளில் வாழும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

ஊர்த் தச்சராக இருந்த எங்கள் ஓடாவியார் காலமாகி ஒரு வருடம் கடந்துவிட்டது. அவருடைய பெயரையும் படத்தையும் இங்கே போட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், அதன்படியே செய்திருக்கிறோம். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் ஓடாவியார் என்றால் போதும். அவர் செய்த கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

அவருடைய நினைவாக என்ன செய்யலாம் என்று வாசிகசாலையில் கூடிப் பேசியபோது, சந்தியில் ஒரு சிலை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவருடைய பட்டறை கூரை இல்லாமல் நிற்கும்போது சிலைக்குச் சீமெந்து குழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 2024 நவம்பர் மழை வெள்ளத்தில் அந்தக் கொட்டிலின் வடக்குப் பக்கக் கைமரங்கள் முறிந்து, தகரமெல்லாம் உள்ளே விழுந்துவிட்டன. அதைத் திருத்தி, ஊர்ப் பிள்ளைகள் தச்சு வேலை பழகும் இடமாகத் திறக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. பட்டறையையும் அது நிற்கும் நிலத்தையும் பத்து வருடங்களுக்கு இலவசமாகப் பயன்படுத்தப் பிள்ளைகள் எழுதித் தந்திருக்கிறார்கள்.

விழுந்த தகரத்தை அகற்றப் போன அன்று நாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். மேற்குச் சுவரில் ஒரு நீளமான பலகை. அதில் உளி, வாள், கொட்டாப்புளி, மூலைமட்டம், துறப்பணம் என்று ஒவ்வொரு ஆயுதத்தின் உருவமும் வெள்ளைப் பெயின்ற்றால் வரையப்பட்டிருந்தது. ஆயுதங்களை மகள் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறா. சுவரில் இருப்பது வெறும் உருவங்கள் மட்டும். அங்கே பழகிய ஒருவர், இப்போது ஐம்பது வயது தாண்டியவர், சீவுளியின் உருவத்தின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ஆயுதங்களின் உருவத்தைப் பலகையில் வரையும் அந்தப் பழக்கம் ஓடாவியாருக்குக் கடற்படையில் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் றோயல் சிலோன் நேவியில் சேர்ந்து, திருகோணமலையில் மரவேலைப் பகுதியில் இருந்தார். தகப்பனிடம் வண்டில் சில்லும் கலப்பையும் செய்யப் பழகிய பொடியன், அங்கேதான் படகுக்குப் பலகை வளைக்கவும், பலகை இடைவெளிகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கவும் கற்றார். வேலை முடிந்தால் ஆயுதம் தன் இடத்துக்குப் போக வேண்டும், ஓர் உருவம் வெறுமையாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அங்கத்தைய சட்டம். எங்கள் ஊர்ப் பட்டறையிலும் அதே சட்டந்தான். ஒருநாள் ஓர் அரை அங்குல உளி காணாமல் போய், விளக்கோடு சீவல் குப்பை முழுவதையும் கிளறித் தேடிய கதையை அவரிடம் பழகிய எல்லோரும் சொல்வார்கள்.

1972இல் நாடு குடியரசாகி, அந்தப் படையின் பெயர் மாறியபோது அவர் ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்டிருந்தார். கடற்படையில் இருந்ததை வெளியே சொல்ல முடியாத காலம் பின்னால் வந்தது. சீருடையோடு எடுத்த படம் றங்குப்பெட்டியின் அடியில் பல வருடம் கிடந்தது. கடைசிக் காலத்தில்தான் பேரப்பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் காட்டினார். அவர் நாட்டுக்குச் செய்த சேவையை இன்று தயக்கமில்லாமல் சொல்லவும் மதிக்கவும் வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை எங்கள் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள். விடிந்தபோது மட்டக்களப்புப் பக்கம் தென்னந்தோப்புகள் எல்லாம் பாயாகச் சாய்ந்து கிடந்தன. ஓடாவியார் விழுந்த தென்னைகளையே வாளால் அறுத்துக் கூரைக்கு வளையும் கைமரமுமாக்கினார். புருஷன் இல்லாத வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, அப்புறம் மற்ற வீடுகள் என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். அவருடைய சொந்த வீட்டுக்குக் கூரை ஏறியது தைமாதத்தில். அதுவரை மனைவி பிள்ளைகளோடு பட்டறைக்குள்தான் சமைத்துப் படுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, அறுபது வயது தாண்டியும், இரண்டு பொடியன்மாரைக் கூட்டிக்கொண்டு மண்முனைத் துறையால் வாவியைக் கடந்து கல்லடிப் பக்கம் போய், உடைந்த வள்ளங்களைத் திருத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. சாப்பாடு மட்டும் அங்கே சாப்பிட்டார்.

2007இல் யுத்தத்தால் வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது தன் தச்சு ஆயுதங்களுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, ஒரு தகர டிரம்முக்குள் போட்டுப் புளியமரத்தடியில் புதைத்துவிட்டுப் போனார். தகப்பனுடைய சீவுளியை மட்டும் உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே போய் மண்ணைத் தோண்டினார். இன்று மகளிடம் இருப்பவை அந்த ஆயுதங்கள்தான்.

குடும்பத்தை அவர் பார்த்த விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மூன்று மகள்மாருக்கும் மூன்று வீட்டின் கதவு நிலைகளை முதிரையில் தன் கையாலேயே செய்தார். அவருடைய மாமிக்கு முழங்கால் ஏலாமல் போனபோது, கட்டிலடியில் இருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு கைபிடிக் கம்பு போட்டுக் கொடுத்தார். அவவுடைய கை எட்டும் உயரத்தை நூல் பிடித்து அளந்து, படி இறங்கும் இடத்தில் சரித்து, சிராம்பு ஒன்று கூடக் குத்தாதபடி தேய்த்து வைத்திருந்தார். மாமி போய்ப் பல வருடமாகியும் அதை அவர் கழற்றவில்லை. பிடித்துப் பிடித்து ஓரிடம் கறுத்து மினுங்கிப்போய் இருக்கிறது. இப்போதும் போனால் பார்க்கலாம்.

இதை எழுதும் எனக்கும் அவர் ஒருமுறை சீவுளி பிடிக்கச் சொல்லித் தந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் பட்டறையைச் சுற்றித் திரிந்த காலம் அது. பலகையைக் கிழித்து நாசமாக்கிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். “மனே, நார் எந்தப் பக்கம் ஓடுதெண்டு பாத்தியா?” என்று மட்டும் கேட்டு, பலகையை மற்றப் பக்கம் திருப்பி வைத்துச் சீவுளியை மீண்டும் என் கையில் தந்தார். மறுகா சீவல் சுருள் சுருளாக வந்தது. அப்படிப் பொறுமையாகச் சொல்லித் தந்து நாற்பது பேருக்கு மேல் தொழிலாளியாக்கினார். அவர்களில் பலர் இன்று கட்டாரிலும் சவூதியிலும் கொழும்பிலும் வேலை செய்கிறார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளின் கவலை வேறு. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பட்டணம் கிட்டவாகிவிட்டது. சாதாரண தரப் பரீட்சை சரிவராத பிள்ளை பாலத்தைக் கடந்து கடையில் நாட்கூலிக்கு நிற்கிறான், அல்லது கடன்பட்டு வெளிநாடு போகிறான். தொழில் தெரிந்தவனுக்கும் கையில் ஒரு கடதாசி இல்லாவிட்டால் அங்கே உதவியாளர் சம்பளந்தான். ஆனால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு, வகுப்பில் படிக்காமல் வேலை செய்து பழகியவர்களையும் மதிப்பீடு செய்யும் முறை இருக்கிறது. அதற்குச் செய்த வேலைகளைக் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டவும் வேண்டும். ஒழுங்கான மேசையும் ஆயுதமும் வெளிச்சமும் உள்ள ஓர் இடம் இருந்தால் இந்தப் பிள்ளைகளை நாங்களே தயார்படுத்தலாம். ஓடாவியாரிடம் பழகிய இருவர் கிழமையில் மூன்று பின்னேரம் இலவசமாகச் சொல்லித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். விரும்பினால் பெண்பிள்ளைகளும் பழகலாம். அவருடைய இரண்டாவது மகள் வாள் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது.

செலவு விபரம் இது. கொட்டில் 30 அடி நீளம், 18 அடி அகலம். கூரை மரத்துக்கும் தகரத்துக்கும் 5 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. நிலத்தை ஓர் அடி உயர்த்திச் சீமெந்து போடவும், இடிந்த சுவரைக் கட்டவும் 2 இலட்சத்து 10 ஆயிரம். வயரிங்குக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். ஆறு வேலை மேசைக்கான மரம் 90 ஆயிரம். இயந்திர வாளுக்கும் சீவும் இயந்திரத்துக்கும் 2 இலட்சத்து 40 ஆயிரம். எல்லாமாக 12 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஊருக்குள் இதுவரை 3 இலட்சத்து 85 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. இன்னும் 8 இலட்சத்து 55 ஆயிரம் வேண்டும். கூலி இதில் இல்லை, மேசன்மாரும் ஓடாவிமாரும் சிரமதானமாகச் செய்கிறார்கள். பணம் குறைந்தால் இயந்திரங்களைப் பிறகு பார்ப்போம், கூரை மட்டும் பிந்தக் கூடாது.

காசாகத்தான் தர வேண்டும் என்றில்லை. ஒரு பை சீமெந்து, நாலு தகரம், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய தீராந்தி எதுவென்றாலும் சந்தோசமாக வாங்கிக்கொள்வோம். மரம் தருபவர்கள் ஏற்றும் முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள், அனுமதிப்பத்திரம் தேவையா என்று பார்த்து அந்த அலுவலை நாங்கள் செய்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தங்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம். எந்தத் தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. மாதம் முடிய வரவு செலவு வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். பலகையில் போட வேண்டாம் என்று சொல்பவர்களின் பெயரைப் போட மாட்டோம்.

அவர் செய்த கட்டிலோ அலுமாரியோ உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பட்டறைச் சுவரில் மாட்டுவோம்.

ஐப்பசி மழைக்கு முன் கைமரம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணியில் இருந்து பட்டறை வளவில் நிற்போம். தேத்தண்ணீர் இருக்கும், மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் திருத்த வேலைக் குழுவினர்
படுவான்கரை, மட்டக்களப்பு