ஆண்டறிக்கை 2023–24: விடுதலைத் துணி சேகரிப்போர் சங்கம், பாளையங்கோட்டை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாடுகளின் விடுதலையை ஒட்டி அச்சிட்ட துணிகளைச் சேகரிக்கும் நம் சங்கத்தின் அறிக்கையை வழக்கமாகக் கூட்டங்களின் எண்ணிக்கையில் தொடங்குவேன். இந்த ஆண்டு வெள்ளத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, சிந்துபூந்துறையில் இருக்கும் நம் மூத்த உறுப்பினர் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அவருடைய ஆச்சியின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். மேலே, கொடியும் காந்தியடிகளும் அச்சிட்ட 1947 லேஞ்சி, அதாவது கைக்குட்டை, கிடந்தது. அதில் கொடியின் பச்சைச் சாயம் ஓடி, காந்தியடிகளின் சால்வை வரை ஏறியிருந்தது. அதற்குக் கீழே மடித்திருந்த துருக்கிச் சிவப்புத் துணியோ, சேற்றில் ஊறியும் ஒரு சொட்டுச் சாயம் விடவில்லை. எண்ணெயும் படிகாரமும் ஏற்றி அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளில் முக்கியெடுத்த சிவப்பு அது. நம் சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். கெட்டிச் சாயம் என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் அன்றைக்குக் கண்ணால் தெரிந்தது. உறுப்பினரின் மருமகள் சலவைத்தூள் டப்பாவோடு வந்தார். நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம். நல்ல தண்ணீரில் மட்டும் அலசி, இரண்டு வெள்ளைத் துண்டுகளுக்கு இடையில் வைத்து ஒற்றி, நிழலில் உலர்த்தினோம்.

அந்த லேஞ்சியால் ஒரு சண்டையும் வந்தது. ‘15 ஆகஸ்ட் 1947’ என்று அச்சிட்ட துணியில் கொடியின் நடுவே இராட்டை இருக்கிறதே, போலி அல்லவா என்று இருவர் கேட்டார்கள். என் பதில்: அசோகச் சக்கரம் உள்ள கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. இடையில் இருந்தது 24 நாள். அதற்குள் அச்சுக்குப் புதிதாகச் செதுக்கி, துணி போட்டு, கடைக்கு அனுப்புவது எல்லோராலும் முடிகிற காரியமா? 1931 முதல் காங்கிரஸ் கொடியில் இருந்த இராட்டை கையில் ஆயத்தமாக இருந்திருக்கும். இராட்டையை மட்டும் வைத்துத் துணியைத் தள்ளாதீர்கள்.

போலியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில், வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ‘1947 சரக்கு’ என்ற லேஞ்சி ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கினேன். மடிப்புகளில் இருந்த பழுப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். பொருளாளர் ஒன்றும் பேசாமல் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். இது உருகிக் கருமணியாகச் சுருண்டது. பாலியஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல். நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது வெகு காலம் கழித்து. பழுப்பு, தேயிலைத் தண்ணீர். தொகையை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். வரவு செலவில் அந்த வரியைத் தேட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் உறுப்பினரின் மகள், அந்நாட்டு நூற்றாண்டு விழாவான 1876 பிலடெல்பியா கண்காட்சியின் கைக்குட்டை ஒன்றைக் காட்டினார். பேச்சு அங்கிருந்து இன்னும் பின்னால் போனது. பிராங்க்ளினும் வாஷிங்டனும் தெய்வமாகிற காட்சியைச் செப்புத் தகட்டில் செதுக்கித் துணியில் அச்சிட்டது 1785 வாக்கில், இங்கிலாந்தில். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தையே 1820களில் கைக்குட்டையாக்கி விற்றது பிரிட்டனின் கிளாஸ்கோ நகரம். தோற்றவனே வென்றவனுக்குத் துணி விற்றிருக்கிறான்! வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட மண்ணில் பிறந்த நமக்கு அந்த வியாபாரப் புத்தி புதிதல்ல.

தணிக்கை முடிந்தது. நிர்வாகிகள் போட்டியின்றி மீண்டும் தேர்வானார்கள். போட்டியிட யாரும் முன்வரவில்லை என்பதே உண்மை. சந்தா பாக்கி உள்ளவர்கள் தங்களை அறிவார்கள்.

சிந்துபூந்துறை லேஞ்சியில் பரவிய பச்சையை வெளுக்க வைக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று கூட்டத்தில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் அதைக் கொண்டுவருகிறார். வெற்றிலை போட்ட கையோடு யாரும் தொட வேண்டாம்.

செயலாளர்