தொட்டிக்கரியும் அணைச் சேறும்

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், தங்கச்சிக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, விடு.

பையன் தொட்டிக்கரித் தொழிலில், அதாவது தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும் வேலையில், இறங்குகிறான் என்று எழுதிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: தண்ணீரைச் சுத்தம் செய்யும் இந்தக் கரியை, நொய்யலில் வந்த திருப்பூர்ச் சாயக்கழிவு படிந்த நம் ஒரத்துப்பாளையம் அணைச் சேற்றில் கொட்டினால் என்ன? நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

சூளையில் சுட்ட கரியை அப்படியே போட்டால் பெரிய பலன் இருக்காது. அதை 800 முதல் 1000 டிகிரி சூட்டில் நீராவியில் வேகவைத்தால்தான் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். அப்படிச் செய்த ஒரு கிராம் கரிக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், நம் கணக்கில் கால் ஏக்கர்! தண்ணீரோடு ஒட்டாத எண்ணெய்த்தன்மையுள்ள நஞ்சுகள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டு வடிகட்டியில் குளோரினை எடுப்பதும் இதே கரிதான்.

சேற்றிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஹன்டர்ஸ் பாயின்ட் என்ற பழைய கடற்படைக் கப்பல் தளம் இருக்கிறது. அங்கே சேறு முழுக்க பிசிபி, ஒரு காலத்தில் டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கலந்த வேதிப்பொருள். தோண்டி எடுக்கப் போனால் சேறு கலங்கி நஞ்சு மறுபடி தண்ணீரில் பரவிவிடும். அதனால் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லூதி குழு 2006-ல் சேற்றின் மேல் ஓரடி ஆழத்துக்கு, அதன் எடையில் இரண்டு மூன்று சதவீதம் கரியைக் கலந்து பார்த்தது. சேற்றுக்குள் ஊறியிருக்கும் நீரில் பிசிபி குறைந்தது. அந்த நீர்தான் முக்கியம். அதிலிருந்து புழுவுக்கும் சிப்பிக்கும், அவற்றைத் தின்னும் மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் நஞ்சு ஏறுகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிசிபி அழிவதில்லை, அதே சேற்றில்தான் கட்டுண்டு கிடக்கிறது. கரியைக் கலந்துவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவுவது எனக்குச் சம்மதமில்லை. வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நார்வேயின் கிரென்லாந்து ஃபியோர்டுகளில் (நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்வாய்கள்) ஒரு மக்னீசிய ஆலை விட்ட டையாக்சின் என்ற கொடிய நஞ்சு அடியில் படிந்து கிடந்தது. 2009-ல் களிமண்ணில் தூள்கரி கலந்து மெல்லிய போர்வையாகப் பரப்பினார்கள். டையாக்சின் வெளியேறுவது குறைந்தது, ஆனால் அடிமண்ணில் வாழும் உயிர்களும் வெகுவாகக் குறைந்துபோயின. எனக்கு இது மனதை உறுத்தும் விஷயம். யாரைக் காப்பாற்றக் கரியைப் போட்டோமோ அவர்களில் அந்தப் புழுவும் உண்டல்லவா? எந்த அளவு, எவ்வளவு பொடி, எந்த மண் என்று இடத்துக்கு இடம் பார்த்துத்தான் போட வேண்டும்.

இனி நம் அணைக்கு வருவோம். சாயக்கழிவின் நிறத்தையும் கரிம நஞ்சுகள் பலவற்றையும் கரி பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. நொய்யலில் வந்து நம் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புதானே. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனதே அந்தப் பிரச்சினை. கழிவுநீரை ஆற்றில் விடாமல் ஆலைக்குள்ளேயே உப்பைப் பிரித்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆகவே சேற்றில் கொட்டக் கரிக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். முதலில் அந்தச் சேற்றில் என்னென்ன இருக்கிறது என்று ஆழம் ஆழமாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அப்புறம் பையனிடம் இதைக் கட்டாயம் சொல். சுட்ட கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கினால் பக்கத்துக் கிணறுகள் கெடும். காங்கேயம் பக்கம் இதற்காக ஊர்க்காரர்கள் போராடியதெல்லாம் உனக்கே தெரியும். ஊர் ஊராகத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போகும் கரி, பிறந்த ஊர்க் கிணற்றைக் கெடுக்கக் கூடாது. தரைக்குச் சிமென்ட் போட்டு, அணைத்த தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடித்து மறுபடி பயன்படுத்தட்டும். புகையை எரிக்கவும் வழி வேண்டும். செலவு ஆகும்தான். சூளை போடும் முன்பே உன் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரையும் சுத்தமான பாட்டிலில் பிடித்து எனக்கு அனுப்பு, இங்கே சோதித்துத் தருகிறேன். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இரு.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
ராமசாமி