ஆறு அடுப்பு, ஒரே மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் கேஸ் மிச்சம் பிடிக்கக் குறிப்புகள் போட்டிருந்தீர்கள். ஓனர் அம்மா படித்து முடித்த பிறகுதான் பேப்பர் எங்கள் பக்கம் வரும் என்பதால் நான் திங்கட்கிழமை ராத்திரிதான் பார்த்தேன். பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள், மூடி போட்டுச் சமையுங்கள், விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள் என்று இருந்தது. எல்லாம் சரிதானுங்க. கேஸ் வருவதற்கு முன்னாலேயே எங்கள் அம்மா பச்சைப் பயிறை ராத்திரியே ஊறப் போட்டுவிட்டுத்தான் படுக்கும். எழுதினவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காங்கயம் சாலையில் நல்லூர் தாண்டி, ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் 11 வருஷமாக இருக்கிறோம். எனக்கு 46 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங், துணியில் குறை பார்க்கிற வேலை. வீட்டுக்காரர் சாயப் பட்டறையில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டார், இப்போது ஒரு குடோனுக்கு ராத்திரி வாட்ச்மேன். மகள் பத்தாவது படிக்கிறாள். ஒரு ஷிப்டுக்கு எனக்கு 400 ரூபாய். தீபாவளிக்கு முன்னால் ஒன்றரை ஷிப்டு, அதாவது காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு வருவது, எப்போதும் கிடைக்கும். 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்கள். அதிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒற்றை ஷிப்டுதான். சனிக்கிழமை கையில் 3,600 வாங்கியவள் இப்போது 2,400 வாங்குகிறேன். வாடகை அதே 4,500தான்.

எங்கள் லைனில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து மின்வாரிய மீட்டர் ஒன்றே ஒன்று, ஓனர் பேரில். எங்கள் வாசலில் ஓனர் கணக்குப் பார்க்க ஆளுக்கொரு சப் மீட்டர் மாட்டியிருக்கிறது. ஓனருக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் செக்கிங் டேபிளில் பீஸ் எண்ணி எண்ணிக் கணக்கு வரும். இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 110 யூனிட் ஓடுகிறது. 9 ரூபாய் வீதம் 990 கொடுக்கிறேன். இதே 110 யூனிட் என் பேரில் தனி மீட்டரில் ஓடியிருந்தால், 2025 விலைப்படி முதல் 100 யூனிட் இலவசம், மிச்சம் 10 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 35 பைசா. மொத்தம் 25 ரூபாய்கூட வராது.

ஓனர் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டுக் கரண்டும் ஒரே மீட்டரில் சேர்ந்துகொள்வதால் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் விலை படிப்படியாக ஏறி, கடைசி யூனிட்டுகள் 2025ல் 8 ரூபாய் 40, 9 ரூபாய் 45 என்று வந்தது. போர் மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது. அவர்களுக்கு வாடகையை விட்டால் வேறு வருமானம் கிடையாது. ஆனாலும் 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, எங்கள் ஆறு வீட்டில் ஒரு வீட்டுக்கும் அது வந்து சேரவில்லை. சேர்ந்த ஒரே 100 மீட்டருக்குப் போயிற்று.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஆரம்பித்தபோது நாங்களும் எழுதிக் கொடுத்தோம். வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்டு ஓடும் வீட்டுக்குக் கிடையாது என்பது அதில் ஒரு விதி. படிவத்தில் மின் இணைப்பு எண் கேட்டார்கள். எங்களுக்கு ஏது எண், ஓனருடையதைத்தான் எழுதினோம். ஆறு வீடும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 660 யூனிட் என்றால் வருஷத்துக்கு 3,960. மூன்றாவது வீட்டு அக்காவுக்கும் எனக்கும் வரவில்லை. ஏனுங்க என்று போய்க் கேட்டதற்கு, "கரண்டு நெறய ஓட்டறீங்க அம்மிணி" என்றார் அங்கிருந்தவர். அந்த அக்கா வீட்டில் ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு பழைய டிவி. மறுபடி 2025 ஆகஸ்டில் முகாமில் எழுதிக் கொடுத்தோம்.

கேஸ் கதை வேறு மாதிரி. 2007ல் கலைஞர் ஆட்சியில் அடுப்போடு இலவச இணைப்பு கொடுத்தபோது தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் எனக்கும் கொடுத்தார்கள், என் பேரிலேயே. அந்த சிலிண்டர் இப்போது என் மாமியாரிடம் இருக்கிறது. 74 வயதுக் கிழவியிடம் பிடுங்கிக்கொண்டு வர முடியுமா? ஏற்கெனவே இணைப்பு இருக்கிற வீடு என்பதால் 2016ல் வந்த உஜ்வலா எங்களுக்கு இல்லை, அதில் சிலிண்டருக்குக் கொடுக்கிற 300 ரூபாய் மானியமும் இல்லை. இங்கே தனியாக வாங்கலாம் என்றால் முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஒரு சான்று கேட்கிறார்கள். லைன் வீட்டுக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி வாங்கினோம், அவ்வளவுதான்.

அதனால் சின்ன சிலிண்டரில் கிலோக் கணக்கில் அடைத்து வாங்குகிறேன். கிலோ 110 ரூபாய். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றிய பிறகு சென்னையில் பெரிய சிலிண்டர் 868.50 ஆனது. அதில் 14.2 கிலோ இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் அப்போது கிலோ 61 ரூபாய்தான். பணம் இருக்கிறவர்களுக்கு 61, இல்லாத எனக்கு 110. கடைக்காரர் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு மாற்றும்போது நான் எப்போதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அது ஆபத்து என்று உங்கள் பத்திரிகையிலேயே எத்தனையோ தடவை போட்டிருக்கிறீர்கள், எனக்கும் தெரியும்.

இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர், ரைஸ் குக்கர் எதுவும் லைனில் கூடாது. ஒயர் தாங்காது என்று ஓனர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வீட்டு ஒடிசாக்காரப் பெண்கள் ரைஸ் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பதினோரு மணிக்கு மேல் சோறு வடிக்கிறார்கள். வாசம் வரும். யாரும் சொல்வதில்லை.

ஆகவே விறகு அடுப்பு. பாத்ரூமுக்குப் பின்னால் மூன்று கல். குளிக்கத் தண்ணீர், சோறு, சனி ஞாயிறில் கறி என்றால் கறி, எல்லாம் அதில். கேஸ் டீக்கும் தாளிப்புக்கும் மட்டும். முழுச் சமையலையும் கேஸில் வைத்தால் மூன்று கிலோ பத்து நாள் தாங்காது, இப்படி வைத்தால் இருபத்தைந்து நாள் வருகிறது. நாலு மணிக்கு எழுந்தால்தான் எட்டு மணிக்குக் கிளம்ப முடியும், ஏனென்றால் அந்த அடுப்பு ஒன்று, எரிப்பவர்கள் நாலு பேர். முறை வைத்திருக்கிறோம். எனக்கு நாலேகால்.

எதை எரிக்கிறோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுதான். சுத்தமான காட்டன் என்றால் சாதுவாக எரிந்து சாம்பலாகிவிடும். இப்போது வருவதெல்லாம் பாலியஸ்டர் கலந்தது. அது சாதுவாக எரியாது, உருகும். கறுப்பாகச் சொட்டி, அடிக்கல்லில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகை மேலே போகாமல் முகத்துக்கு நேரே வரும். எலாஸ்டிக் துண்டு ஒன்று உள்ளே கிடந்தால் தொண்டையில் ரப்பர் வாசம் மத்தியானம் வரைக்கும் இருக்கும். போட்ட மாராப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு ஊதுகுழலால் ஊதுவேன். துணி ஆரம்பத்துக்கு மட்டும்தான், நின்று எரிய வேறு வேண்டும். கம்பெனிக்குப் போனால் சூப்பர்வைசர், "என்னக்கா, காலையிலயே கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?" என்பான். செக்கிங்கில் கண்தானுங்க மூலதனம். வெள்ளை பனியனில் ஒரு நூல் கறை தப்பினால் அந்த பேக்கிங்கையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நின்று எரிவதற்குத் தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியைப் போல் ஒன்று கிடையாது. என் தங்கச்சி படியூர் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் தொட்டி பிரிக்கிற வேலைக்குப் போகிறாள். முன்னாலெல்லாம் வாரம் ஒரு மூட்டை உடைசல் தொட்டி எடுத்துக்கொள்ள விடுவார்கள். டவுன் பஸ்ஸில் பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள். கண்டக்டர், "இலவச டிக்கெட்டுக்கு இவ்வளவு பெரிய மூட்டையா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஒவ்வொரு வாரமும் விட்டுவிடுவார். 2025ல் தொட்டிக்கரிக்கு ஏகப்பட்ட கிராக்கி வந்தது. உடைசலையும் இப்போது எடை போட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தேங்காயும் அப்படித்தான். காங்கயத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு சட்னிக்கு அரை மூடியோடு நிறுத்திக்கொள்கிறோம். மாமியார் வீட்டிலிருந்து யாராவது வந்தால்தான் முழு மூடி. வாரத்தில் நாலு நாள் அரிசிம்பருப்பு சாதம். ஒரே சட்டியில் முடிந்துவிடும், ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய். மகள், "இன்னைக்குமா?" என்று கேட்காமல் சாப்பிடப் பழகிவிட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஊரில் வாங்கிய இலவச கிரைண்டர், மிக்ஸி, ஃபேன் மூன்றையும் திருப்பூருக்கு எடுத்து வந்தேன். கிரைண்டர் மேல் இப்போது மகளின் புத்தகங்கள் இருக்கின்றன. ஃபேன் அவள் படிக்கும் நேரத்துக்கு மட்டும் ஓடும். சப் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஃபேன் போட்டால் மினுக்கல் வேகமாகும். அவள் தூங்கியதும் நான் எழுந்து அதைப் பார்த்துவிட்டு நிறுத்துவேன். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் இலவசம் ஆனதில் எனக்கு மாதம் 500 ரூபாய் மிச்சம். முதல் வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு கிடைப்பதால் அவள் அம்மாவுக்கு அடுப்பு முறையில் அரைமணி நேரம் குறைகிறது. இந்த இரண்டுக்கும் யாரும் எங்களிடம் இணைப்பு எண் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கிருந்து பக்கத்தில்தான் பெருமாநல்லூர். 1970ல் மின்கட்டணத்தை ஏற்றியதற்காகப் போராடி 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர். எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் இலவச கரண்டு வர அதற்குப் பிறகு 20 வருஷம் ஆனது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும், சோமனூரில் என் அண்ணனும் தறி ஓட்டித்தான் பிழைக்கிறான். தோட்டத்துக்கும் தறிக்கும் சங்கம் இருக்கிறது. லைன் வீட்டுக்கு இல்லை. நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக நிற்பதே தண்ணி வரும் நாளில்தான், அன்றைக்கும் சண்டைதான் போடுகிறோம்.

நான் கேட்பது பெரிசு இல்லை. ஒரு வாசலுக்கு ஒரு மீட்டர் என்று வாடகைக்கு இருப்பவரே எழுதிக் கொடுத்து வாங்க வழி செய்யட்டும். அதுவரைக்கும் சப் மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஒரு விலை வைக்கட்டும். உரிமைத் தொகைக்கு லைன் வீட்டு மீட்டரை வீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கட்டும். 3,960ஐ ஆறால் வகுத்தால் 660 வருகிறது.

நிருபர் யாரையாவது அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். மற்ற நாளில் லைனில் ஆள் இருக்காது. தண்ணி வரும் நாள் என்றால் அன்றைக்கும் பேச நேரம் இருக்காது.

என் பெயரைப் போட வேண்டாம். பேப்பரை முதலில் படிப்பது ஓனர் அம்மா என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நல்லூர், திருப்பூர்.